பையான் முத்திரை எதுவரை சாட்சி சொல்லும்? டபிள்யூ 44, ஐசி 443 எச்சங்களும் ஊட்டியின் புரோட்டான் நிறமாலையும்

1. வாதம்

2013 பிப்ரவரியில், ஃபெர்மி விண்கலத்தின் காமாக் கதிர்த் தொலைநோக்கிக் குழு டபிள்யூ 44, ஐசி 443 என்ற இரு சூப்பர்நோவா எச்சங்களில் நடுநிலைப் பையான் சிதைவின் முத்திரையைக் கண்டதாக அறிவித்தது. அதன்பின் அண்டக்கதிர் இயலில் ஒரு வாக்கியம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது: பால்வெளியின் அண்டக்கதிர்கள், நிறமாலையின் 'முழங்கால்' எனப்படும் 3 பிஇவி வரையில், சூப்பர்நோவா எச்சங்களில் பிறக்கின்றன, அதற்கு நேர்ச்சான்று கிடைத்துவிட்டது. (எலக்ட்ரான்வோல்ட்டின் 10 லட்சம், 100 கோடி, 1 லட்சம் கோடி, 1,000 லட்சம் கோடி மடங்குகளை முறையே எம்இவி, ஜிஇவி, டிஇவி, பிஇவி என்று குறிக்கிறேன்.)

இந்த வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. ஒன்று, அவ்விரு எச்சங்களிலும் உயர் ஆற்றல் புரோட்டான்கள் இருக்கின்றன. இரண்டு, அந்தப் புரோட்டான்களை அந்த எச்சங்களே புதிதாக முடுக்கின. மூன்று, அத்தகைய எச்சங்களின் தொகுதியே முழங்கால் வரையுள்ள புரோட்டான்கள் அனைத்தையும் தருகிறது. முதற்கூற்று அளவீடு, அதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது விளக்கம்; அதற்கு வலுவான போட்டி விளக்கம் உண்டு. மூன்றாவதற்கு அந்த அளவீட்டில் இடமே இல்லை. ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் 2024இல் வெளியிட்ட புரோட்டான் நிறமாலை, இந்த மூன்றாம் கூற்றை ஐயத்துக்குரியது என்ற நிலையிலிருந்து ஏற்க முடியாதது என்ற நிலைக்குத் தள்ளிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1 பிஇவி ஆற்றலில் நாம் அளக்கும் புரோட்டான்களில் பாதிக்கு மேற்பட்டவை, குறைந்த ஆற்றலில் காணப்படும் தொகுதியின் தொடர்ச்சியாக இருக்க முடியாது. இதைக் கீழே எண்களால் காட்டுகிறேன்.

2. முத்திரையும் அதன் எல்லையும்

முடுக்கப்பட்ட புரோட்டான் ஒன்று வாயு மேகத்திலுள்ள அணுக்கருவை மோதும்போது நடுநிலைப் பையான் பிறக்கிறது. அது உடனே இரு காமா ஒளித்துகள்களாகச் சிதைகிறது. பையானின் நிறை 135 எம்இவி. ஆகவே அது ஓய்விலிருக்கும் சட்டகத்தில் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் 67.5 எம்இவி கிடைக்கிறது. ஆற்றல் பரவலாக வரையும்போது, 200 எம்இவிக்குக் கீழே நிறமாலை செங்குத்தாகச் சரிகிறது. எலக்ட்ரான்கள் உமிழும் காமாக் கதிருக்கு இப்படிச் சரியவேண்டிய இயல்பான காரணம் எதுவுமில்லை. 2011இல் அகிலே விண்கலம் டபிள்யூ 44இல் இந்தச் சரிவின் அறிகுறியைக் கண்டது. நான்கு ஆண்டுத் தரவைக் கொண்ட ஃபெர்மி ஆய்வு இரு எச்சங்களிலும் அதை உறுதிசெய்தது.

எலக்ட்ரான்களின் தடைக்கதிர்வீச்சு இதே வடிவைப் போலியாக உண்டாக்க முடியுமா என்ற கேள்வி எழுப்பப்பட்டதுண்டு. முடியும், ஆனால் எலக்ட்ரான் நிறமாலையைச் சில நூறு எம்இவி அளவில், காரணமில்லாமல், வெட்டி முறிக்க வேண்டும். இவ்விரு எச்சங்களிலும் அதிர்ச்சி அலை அடர்ந்த மூலக்கூறு மேகங்களை மோதிக்கொண்டிருக்கிறது. இலக்கு வாயு தாராளமாக உள்ளது. அங்கே புரோட்டான் மோதலைத் தவிர்த்துவிட்டு எலக்ட்ரான்களைத் தேடுவது வீண்முயற்சி. இந்த மறுப்பை இத்துடன் விட்டுவிடலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஃபெர்மி ஆய்வு முத்திரையை மட்டும் அளக்கவில்லை. புரோட்டான்களின் உந்தப் பரவலையும் பொருத்திப் பார்த்தது. இரு எச்சங்களுக்கும் தாழ் உந்தப் பகுதியில் அடுக்குவிதியின் குறியெண் 2.36. ஆனால் டபிள்யூ 44இல் 22 ஜிஇவி அளவிலும், ஐசி 443இல் 239 ஜிஇவி அளவிலும் பரவல் முறிகிறது. முறிவுக்கு மேலே குறியெண் டபிள்யூ 44க்கு 3.5, ஐசி 443க்கு 3.1. ஐசி 443ஐ டிஇவி ஆற்றலில் நோக்கிய மேஜிக், வெரிட்டாஸ் தொலைநோக்கிகளும் 3ஐ ஒட்டிய செங்குத்தான நிறமாலையையே கண்டன. ஆகவே இந்த முறிவு ஒரு கருவியின் பிழையல்ல.

இந்த எண்கள் பத்தாண்டுக்கு மேலாக எல்லோர் கண்முன்னும் இருக்கின்றன. அவற்றை முழங்காலை நோக்கி நீட்டிப் பார்ப்போம். ஊட்டி நிறமாலையில் முக்கியமாகப்போகும் 166 டிஇவி ஆற்றலை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 44இன் முறிவிலிருந்து அது ஏறத்தாழ 7,500 மடங்கு உயரத்தில் உள்ளது. குறியெண் வேறுபாடு 1.14. முறிவில்லாமல் 2.36 என்ற குறியெண்ணோடே பரவல் தொடர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் புரோட்டான்களோடு ஒப்பிட்டால், 166 டிஇவி அளவில் டபிள்யூ 44 கொண்டிருப்பது ஏறக்குறைய 26,000இல் ஒரு பங்கு. ஐசி 443க்கு இதே கணக்கைச் செய்தால் சுமார் 125இல் ஒரு பங்கு வருகிறது. இது தோராயக் கணக்குத்தான். முறிவின் கூர்மையும் குறியெண்களின் பிழை எல்லையும் எண்களைச் சற்று மாற்றும். ஆனால் எத்தனை தாராளமாக மாற்றினாலும், முழங்காலை நிரப்பும் புரோட்டான்களுக்கு இவ்விரு எச்சங்களையும் சாட்சியாக அழைக்க முடியாது. முத்திரை தெளிவாகத் தெரியும் எச்சங்களே முழங்காலிலிருந்து மிகத் தொலைவில் நிற்பவை.

3. அந்தப் புரோட்டான்கள் யாருடையவை?

இப்போது இரண்டாம் கூற்று. எச்சத்தில் புரோட்டான் இருக்கிறது என்பதிலிருந்து எச்சம் அதை முடுக்கியது என்பதற்குச் செல்லும் பாதை, நிலவும் வாசிப்பில் ஒரே அடியில் கடக்கப்படுகிறது. கிணற்றில் தண்ணீர் கண்டவர் அது ஊற்றா, தேங்கிய மழைநீரா என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருப்பதுபோல, இங்கும் இன்னொரு சோதனை தேவை.

போட்டி விளக்கம் புதியதல்ல. பால்வெளி எங்கும் ஏற்கெனவே பரவியிருக்கும் அண்டக்கதிர்கள் மூலக்கூறு மேகத்துக்குள்ளும் இருக்கின்றன. எச்சத்தின் அதிர்ச்சி அலை மேகத்துக்குள் நுழையும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. பின்புறமுள்ள வாயு கதிர்வீசிக் குளிர்ந்து, மெல்லிய அடர்படலமாக நசுங்குகிறது. அங்கிருந்த பழைய அண்டக்கதிர்கள் அதிர்ச்சி அலையில் சற்று மறுமுடுக்கம் பெற்று, படலத்தோடு சேர்ந்து அமுக்கப்படுகின்றன. வாயு அடர்த்தியும் கூடுகிறது, துகளடர்த்தியும் கூடுகிறது. ஆகவே பையான் ஒளி பெருகுகிறது. 1982இல் பிளாண்ட்ஃபோர்டும் கௌவியும் முன்வைத்த இந்தக் கருத்தை, 2010இல் உச்சியாமாவும் அவருடன் சேர்ந்தோரும் ஃபெர்மி கண்ட ஒளிர் எச்சங்களுக்குப் பொருத்திக் காட்டினர். இந்த விளக்கத்தில் பையான் முத்திரை அப்படியே இருக்கும். ஆனால் எச்சம் பால்வெளிக்குப் புதிய அண்டக்கதிர் எதையும் வழங்கியதாகாது.

இரண்டையும் பிரித்தறிய ரேடியோ நிறமாலை உதவுகிறது. டபிள்யூ 44, ஐசி 443 இரண்டிலும் ரேடியோ குறியெண் 0.37ஐ ஒட்டியது. ஒத்தியக்கக் கதிர்வீச்சின் விதிப்படி இது 1.74 என்ற எலக்ட்ரான் குறியெண்ணைத் தருகிறது. அதிர்ச்சி முடுக்கத்தின் எளிய வடிவில், எத்தனை வலுவான அலையாக இருந்தாலும் குறியெண் 2ஐ விடக் குறையாது. புரோட்டான்களின் 2.36 அந்த எல்லைக்கு ஒரு பக்கம், எலக்ட்ரான்களின் 1.74 மறுபக்கம். ஒரே அலை, ஒரே முறையில், அண்மைய ஆற்றல்களில் உள்ள இருவகைத் துகள்களையும் புதிதாக முடுக்கியது என்று கொண்டால் இந்த இடைவெளிக்குத் தனி விளக்கம் வேண்டும். ஏற்கெனவே இருந்த துகள்கள் மறுமுடுக்கமும் அமுக்கமும் பெற்றன என்று கொண்டால், தட்டையான ரேடியோ நிறமாலை இயல்பாகவே வந்துவிடுகிறது. டபிள்யூ 44இன் ரேடியோ, காமாத் தரவுகளை ஒருசேரப் பொருத்திய 2016ஆம் ஆண்டு ஆய்வொன்றும் மறுமுடுக்கத்தின் பக்கமே சாய்ந்தது.

இதற்கு எதிராக நிற்கும் மிக வலுவான தரவைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டபிள்யூ 44ஐச் சுற்றியுள்ள மேகங்களிலிருந்தும் ஜிஇவி காமாக் கதிர் வருவதாக 2012இல் காட்டப்பட்டது. எச்சத்திலிருந்து தப்பிய அண்டக்கதிர்கள் அம்மேகங்களை ஒளிரச் செய்கின்றன என்பது அதன் இயல்பான பொருள். தப்பிச் சென்றவை இருந்தால், முன்னொரு காலத்தில் முடுக்கப்பட்டவையும் இருந்திருக்க வேண்டும். இதை ஏற்கிறேன். ஆகவே டபிள்யூ 44 ஒருபோதும் முடுக்கியாக இருந்ததில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் இந்தத் தரவும் ஜிஇவி ஆற்றல்களைப் பற்றியது. நாம் பார்க்கும் முத்திரையின் ஒளி, எச்சத்தின் உள்ளே அமுக்கப்பட்ட பழைய துகள்களிடமிருந்து பெரும்பாலும் வரக்கூடும் என்ற நிலை நீடிக்கும்வரை, அந்த ஒளியின் அளவைக் கொண்டு எச்சத்தின் முடுக்குதிறனைக் கணக்கிடுவது தவறான வழி.

4. 'உயர் ஆற்றல் துகள்கள் தப்பிவிட்டன'

முறிவைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் வரும் பதில் இது: டபிள்யூ 44 ஏறத்தாழ 20,000 ஆண்டு முதிர்ந்த எச்சம், உயர் ஆற்றல் புரோட்டான்கள் அதன் இளமையிலேயே வெளியேறிவிட்டன, முறிவு அந்த வெளியேற்றத்தின் தழும்பு. பொருத்தமான பதில்தான். அப்படியானால் இளம் எச்சங்களில் அந்தப் புரோட்டான்கள் தென்பட வேண்டும்.

காசியோப்பியா ஏ வெடித்து ஏறக்குறைய 350 ஆண்டுகளே ஆகின்றன. அதன் காமா நிறமாலை 3.5 டிஇவி அளவிலேயே அடங்கிவிடுவதை மேஜிக் தொலைநோக்கிகள் 2017இல் காட்டின; புரோட்டான் மோதலே அந்த ஒளிக்குக் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், புரோட்டான்களின் எல்லை 10 டிஇவி அளவில் நின்றுவிடுகிறது. சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்திலுள்ள லாசோ ஆய்வகம் 100 டிஇவிக்கு மேல் அதை நோக்கியபோதும் மேல்வரம்பு மட்டுமே கிடைத்தது. 1572இல் டைக்கோ பிராஹே கண்ட சூப்பர்நோவாவின் எச்சத்தில், 400 ஜிஇவிக்கு மேல் காமா நிறமாலையின் குறியெண் 2.9ஐ ஒட்டி இருக்கிறது. டிஇவி காமாக் கதிரில் ஓட்டின் வடிவம் முதன்முதலில் தெளிவாகப் பிரிந்து தெரிந்த ஆர்எக்ஸ் ஜே1713.7-3946 எச்சத்தில், புரோட்டான்களின் பங்கு மூன்றில் இரண்டு என்று வாயு வரைபடங்களைக் கொண்டு 2021இல் மதிப்பிடப்பட்டது; ஆனால் அங்கும் நிறமாலை 13 டிஇவி அளவில் வளைகிறது. அதற்குரிய புரோட்டான் எல்லை 100 டிஇவிக்குள் அடங்கிவிடும்.

முதிர்ந்த எச்சத்தைக் கேட்டால் இளமையைக் கைகாட்டுகிறது. இளம் எச்சத்தைக் கேட்டால் அதற்கும் முந்தைய பருவத்தைக் கைகாட்ட வேண்டியிருக்கிறது. அடர்ந்த விண்மீன் காற்றுக்குள் வெடிக்கும் அரிய வகை சூப்பர்நோவாக்கள், வெடித்த முதல் சில ஆண்டுகளில் பிஇவியை எட்டலாம் என்ற கோட்பாட்டு முன்மொழிவு உண்டு. காந்தப்புலப் பெருக்கம் பற்றிய பெல்லின் 2004ஆம் ஆண்டுப் பணி அதற்கு அடித்தளம். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது சரியென்றால், முழங்காலுக்குக் காரணம் நாம் வானில் பார்த்துப் பட்டியலிடும் எச்சங்கள் அல்ல. எப்போதாவது நிகழும், வேறு வகையைச் சேர்ந்த, சில ஆண்டுகளே நீடிக்கும் நிகழ்வுகள். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே காரணமும் ஒன்றாகிவிடாது.

ஆற்றல் கணக்கை இங்கே கொண்டுவருவதும் பயன்படாது. பால்வெளியில் நூறாண்டுக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவாக்கள், ஒவ்வொன்றின் இயக்க ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு என்ற புகழ்பெற்ற கணக்கு, அண்டக்கதிர்களின் மொத்த ஆற்றலைப் பற்றியது. அந்த மொத்தத்தைச் சுமப்பவை சில ஜிஇவி துகள்களே. 2.7 என்ற குறியெண்ணைக் கொண்டு பார்த்தால், 100 டிஇவிக்கு மேலுள்ள துகள்களின் பங்கு மொத்த ஆற்றலில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கை அரிய நிகழ்வுகளால் எளிதாக நிரப்பிவிட முடியும்; கணக்கு எதையும் தடுக்காது, எதையும் நிறுவாது.

5. ஊட்டி சொல்வது

இதுவரை சொன்னவை எதிர்மறை வாதங்கள். கிரேப்ஸ்-3 தரும் சான்று நேர்மறையானது. மூலங்களைப் பார்க்காமல், வந்துசேரும் துகள்களையே எண்ணுவதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்தும் இந்த ஆய்வகம் ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த உயரம் முக்கியம். இக்கட்டுரை எழுதப்படும் பூந்தமல்லியில் தலைக்கு மேலுள்ள காற்றின் அளவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,030 கிராம். ஊட்டியில் சுமார் 800 கிராம். 100 டிஇவி புரோட்டான் ஒன்று உருவாக்கும் துகள் பொழிவு, 500 கிராம் அளவில் உச்சத்தைத் தொட்டுத் தேயத் தொடங்குகிறது. கடல்மட்டச் சமவெளிக்கு அது வந்துசேரும்போது எலக்ட்ரான்களில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டிருக்கும். ஊட்டியில் போதுமான அளவு எஞ்சியிருக்கும். அதை அளக்க, 8 மீட்டர் இடைவெளியில் அறுகோண அமைப்பில் ஏறத்தாழ 400 ஒளிமினுக்க உணர்கருவிகள், 25,000 சதுர மீட்டர் பரப்பில் வைக்கப்பட்டுள்ளன. அதனோடு 3,712 விகிதசம எண்ணிகளைக் கொண்ட 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கியும் இயங்குகிறது.

இந்த இரட்டை அமைப்பே ஆய்வின் உயிர்நாடி. ஒரே ஆற்றலில், இரும்பு போன்ற கனமான அணுக்கரு உருவாக்கும் பொழிவில் மியூவான்கள் அதிகம். புரோட்டான் பொழிவில் குறைவு. காமாப் பொழிவில் மிகமிகக் குறைவு. மியூவான் எண்ணிக்கையின் பரவலைக் கொண்டு, கலந்துவரும் அண்டக்கதிர்களிலிருந்து புரோட்டான்களின் பங்கைப் பிரித்தெடுக்கலாம். 2014 ஜனவரி 1 முதல் 2015 அக்டோபர் 26 வரை, 460 நாள் இயங்குநேரத்தில் பதிவான 78.1 லட்சம் பொழிவுகளிலிருந்து, 50 டிஇவி முதல் 1.3 பிஇவி வரையிலான புரோட்டான் நிறமாலை இவ்வாறு பெறப்பட்டு, 2024இல் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வெளியானது. முடிவு: 166 டிஇவி அளவில் குறியெண் 3.12இலிருந்து 2.56ஆக மாறுகிறது. அதாவது செங்குத்தாகச் சரிந்துகொண்டிருந்த நிறமாலை, முழங்காலுக்கு முன்பே, சரிவு தணிந்து நிமிர்கிறது.

ஒற்றை அடுக்குவிதி முழங்கால் வரை பொருந்தாது என்று ஆய்வாளர்களே கூறியுள்ளனர். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து ஓர் அடி மேலே செல்ல விரும்புகிறேன். 166 டிஇவிக்குக் கீழே ஆதிக்கம் செலுத்தும் தொகுதி, அதே 3.12 குறியெண்ணோடு மேலே தொடர்வதாகக் கொள்வோம். 1 பிஇவி என்பது 166 டிஇவியின் 6 மடங்கு. குறியெண் வேறுபாடு 0.56. ஆகவே அளக்கப்பட்ட புரோட்டான் பாய்மம், நீட்டிக்கப்பட்ட தொகுதி தரக்கூடியதைப் போல் 2.7 மடங்கு. இதன் பொருள், 1 பிஇவி அளவில் உள்ள புரோட்டான்களில் ஏறத்தாழ 63 சதவீதம் வேறொரு தொகுதியைச் சேர்ந்தவை. வேறுபாட்டை 0.5 என்று குறைத்துக்கொண்டாலும் பங்கு 59 சதவீதம். கீழ்த்தொகுதி நீளாமல் இடையிலேயே அற்றுப்போனால் பங்கு இன்னும் கூடும். எனவே இது கீழ்வரம்பு.

இதனோடு விண்வெளி அளவீட்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. டாம்பே விண்கலம் 2019இல் வெளியிட்ட புரோட்டான் நிறமாலை 13.6 டிஇவி அளவில் 2.60இலிருந்து 2.85க்குச் செங்குத்தாகிறது. காசியோப்பியா ஏ எச்சத்தில் புரோட்டான்கள் அடங்கும் ஆற்றல் 10 டிஇவி. ஓர் எச்சத்தை வைத்து ஒரு குலத்தையே எடைபோட முடியாது. எண்களின் அண்மை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் சாதாரண எச்சங்களின் தொகுதி சில பத்து டிஇவி அளவில் களைத்துப்போகிறது, 166 டிஇவியை ஒட்டி மற்றொரு தொகுதி தலைதூக்குகிறது என்ற சித்திரம், காமாக் கதிர் அளவீடுகளும் துகள் அளவீடுகளும் ஒன்றையொன்று அறியாமல் சேர்ந்து வரைந்தது. இதைவிட எளிமையாக இரண்டையும் இணைக்கும் விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் மியூவான் கணக்கைப் பற்றியது. பொழிவுகளைப் படிக்க உருவகக் கணிப்புகள் தேவை. அவற்றிலுள்ள மோதல் மாதிரிகள் மிக உயர் ஆற்றலில் மியூவான்களைக் குறைத்துக் காட்டுகின்றன என்பது அறிந்ததே. மாதிரிப் பிழை புரோட்டான் பாய்மத்தின் மொத்த அளவை நகர்த்தக்கூடும். ஆனால் நிமிர்வைப் போலியாக உண்டாக்க, அந்தப் பிழை 166 டிஇவி அருகில் திடீரெனத் தன் போக்கை மாற்றி, அதன்பின் சீராகப் பெருக வேண்டும். மோதல் ஆற்றலோடு மெதுவாக மாறும் பிழைக்கு அந்த இயல்பு இல்லை. மேலும் ஆய்வின் தாழ் ஆற்றல் முனை விண்வெளியில் நேரடியாக அளக்கப்பட்ட எல்லையோடு மேற்படிகிறது. அங்கே பெரிய முரண் இல்லை.

இரண்டாவது, நிமிர்வு மூலத்தில் இல்லை, பயணத்தில் இருக்கிறது என்பது. அண்டக்கதிர்கள் பால்வெளியில் பரவும் வேகம் ஆற்றலோடு மாறும் விதமே மாறினால் நிறமாலை நிமிரும். சில நூறு ஜிஇவி அளவில் காணப்படும் முதல் நிமிர்வுக்கு இதுவே ஏற்ற விளக்கமாகத் தெரிகிறது. ஆனால் பரவல் குறியெண் பொதுவாக 0.3 முதல் 0.5 வரை மதிப்பிடப்படுகிறது. அதிலிருந்து 0.56ஐக் கழித்தால் எஞ்சுவது எதிர்மறை எண்: ஆற்றல் கூடக்கூடத் துகள்கள் பால்வெளியில் அதிக நேரம் சிறைப்படுகின்றன என்று ஏற்க வேண்டியிருக்கும். இதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

மூன்றாவது, ஒரே ஓர் அருகாமை மூலம் நம் பகுதியை மட்டும் நிரப்பியிருக்கலாம் என்பது. இருக்கலாம். அது என் வாதத்துக்கு எதிரானதல்ல. எச்சங்களின் பொதுத்தொகுதி போதாது என்பதையே அதுவும் சொல்கிறது.

நான்காவதாக, ஜி106.3+2.7 எச்சத்தில் 100 டிஇவிக்கு மேற்பட்ட காமாக் கதிர் கிடைத்திருப்பதைச் சுட்டுவோர் உண்டு. அந்த எச்சத்துக்குள் ஆற்றல் மிக்க பல்சர் ஒன்று இருக்கிறது; கதிர் வரும் பகுதி மூலக்கூறு மேகத்தோடு பொருந்துவது உண்மைதான் என்றாலும், பல்சரின் பங்கு முழுமையாக நீக்கப்படும்வரை அதை எச்சங்களின் சார்பில் சாட்சியாக நிறுத்த முடியாது. நண்டு நெபுலாவிலிருந்து 1.1 பிஇவி ஒளித்துகள் வந்திருப்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அங்கே முடுக்கி பல்சரின் காற்று. சூப்பர்நோவாவின் ஓடு அல்ல.

7. யாரைத் தேடுவது, எதைக் கொண்டு தேடுவது

இரண்டாம் தொகுதியின் முகவரியை இக்கட்டுரை தரவில்லை. ஆனால் தேட வேண்டிய திசை தெரிகிறது. அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தின் திசையில், இளம் பெருவிண்மீன்கள் செறிந்த பகுதியைச் சூழ்ந்து லாசோ கண்ட பெருங்குமிழியிலிருந்து 2.5 பிஇவி வரை ஒளித்துகள்கள் வந்துள்ளன. அங்கே பல விண்மீன்களின் காற்றும் அடுத்தடுத்த வெடிப்புகளும் ஒரே குமிழியை நீண்டகாலம் கடைகின்றன. எஸ்எஸ் 433 போன்ற நுண்குவாசர்களும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இவற்றில் சூப்பர்நோவாவுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். தனித்து நிற்கும் எச்சத்தை முழங்காலின் காரணமாக முடிசூட்டியதையே மறுக்கிறேன்.

இந்தியக் கருவிகளுக்கு இதில் திட்டவட்டமான பணி இருக்கிறது. காமா ஒளித்துகளின் ஆற்றல் அதை உண்டாக்கிய புரோட்டானின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஆகவே ஐசி 443இன் 239 ஜிஇவி முறிவு, காமா நிறமாலையில் 20 முதல் 30 ஜிஇவி வரையிலான பகுதியில் வெளிப்படும். விண்கலங்களுக்கு அங்கே ஒளித்துகள்கள் போதாது. பெரும்பாலான தரைத் தொலைநோக்கிகளுக்கு அந்த ஆற்றல் எட்டாது. 2024 அக்டோபரில் லடாக்கின் ஹான்லேயில் திறந்துவைக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி தொடக்க வரம்பாகக் குறிவைப்பது இதே பகுதியைத்தான். ஐசி 443 ஹான்லேயின் உச்சிவானிலிருந்து சுமார் 10 பாகைக்குள் கடக்கிறது. முறிவின் வடிவை அங்கே நுணுக்கமாக அளந்தால், துகள் தப்பியதால் வந்த முறிவா, மேகத்தின் மின்னேறா அணுக்கள் அலைகளைத் தணித்ததால் வந்த முறிவா, மறுமுடுக்கத்தின் எல்லையா என்பதைப் பிரித்தறியலாம். தணிப்பு விளக்கம் குறியெண் சரியாக 1 கூட வேண்டும் என்கிறது. மற்றவை அப்படிச் சொல்வதில்லை.

ஊட்டிக்குரிய பணி வேறு. டபிள்யூ 44, ஐசி 443 இரண்டுமே ஊட்டியின் உச்சிவானிலிருந்து 10, 11 பாகை தூரத்தில் கடந்து செல்கின்றன. மியூவான் குறைந்த பொழிவுகளைத் தனித்தெடுத்து, அத்திசைகளில் பத்து டிஇவிக்கு மேற்பட்ட காமாக் கதிருக்கு மேல்வரம்பு இட முடியும். என் கணக்கு சரியென்றால் கிடைப்பது வெறும் வரம்பாகத்தான் இருக்கும். அந்த வரம்பும் அறிவுதான். அதைவிட முக்கியமானது, புரோட்டான் நிறமாலைக்கு அருகிலேயே ஹீலியம் நிறமாலையைப் பிரித்தெடுப்பது. முடுக்கியின் எல்லை மின்னேற்றத்தைப் பொறுத்தது. நிமிர்வு புதிய மூலத்தொகுதியின் வருகை என்றால், ஹீலியத்தின் நிமிர்வு இருமடங்கு ஆற்றலில், 330 டிஇவியை ஒட்டி, தோன்ற வேண்டும். அதே 166 டிஇவியில் தோன்றினால் என் விளக்கம் பெருமளவு ஆட்டம் காணும். எங்குமே தோன்றாவிட்டால் மியூவான் கணக்கைப் பற்றிய ஐயத்தை நான் இங்கே ஒதுக்கியதைவிடக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டிவரும்.

பல்சர்கள் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே ஊட்டியில் செரன்கோவ் ஒளியைத் தேடத் தொடங்கி, பின்னர் பச்மரிக்கும் ஹான்லேக்கும் நகர்ந்த மரபு நம்முடையது. மூலத்தைக் காமாக் கதிரில் பார்க்கும் கருவியும், வந்துசேரும் துகளை மியூவானோடு எண்ணும் கருவியும் இப்போது ஒரே நாட்டில் இயங்குகின்றன. இவ்விரு தரவுகளையும் தனித்தனி இதழ்களில் தனித்தனிச் செய்தியாக வெளியிடுவதோடு நின்றுவிடாமல், ஒரே வாதத்தின் இரு பக்கங்களாகப் பொருத்த வேண்டும். அதுவரை, பையான் முத்திரையை அதற்குரிய இடத்தில் நிறுத்துவோம்: சில நூறு ஜிஇவி வரையிலான புரோட்டான்களுக்கு அது மறுக்க முடியாத சாட்சி. முழங்காலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும்.